தாத்தாவோட பர்மா வாழ்க்கையை நாவலா எழுதுறேன், வீட்டுல யாரும் பேசாத பகுதியை என்ன பண்றது?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க.

எங்க அப்பாவைப் பெத்த தாத்தா 1935 வாக்குல, பதினாறு வயசுல பர்மா போனவர். பெகுவுல ஒரு செட்டியார் வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியா சேர்ந்து, கணக்கு கத்துக்கிட்டு அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலை வரைக்கும் வந்திருக்கார். நடுவுல ஒரு தடவை ஊருக்கு வந்து அப்பத்தாவைக் கல்யாணம் பண்ணிட்டு திரும்பப் போயிருக்கார். 1942-ல ஜப்பான்காரன் உள்ள வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு ஊர் வந்து சேர்ந்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கமே போகல. பர்மாவைப் பத்தி அவர் வாயைத் திறந்து விவரமா பேசினதா யாருக்கும் ஞாபகம் இல்ல.

இவர் கதையை நாவலா எழுதிட்டு இருக்கேன். வரலாறா எழுத முடியாது, பாதிக்கு மேல தெரியாது. முழுக்கக் கற்பனையாவும் எழுத மனசு வரல, அவர் நிஜமா வாழ்ந்த மனுஷன், அவர் பட்ட பாட்டை வேற யாரோ ஒருத்தன் பட்ட மாதிரி எழுத எனக்குப் பிடிக்கல.

கையில இருக்கிறது ரொம்பக் கம்மி. டிரங்குப் பெட்டியில காலரா ஊசி போட்டதுக்கான ஒரு சீட்டு, ஒரு போட்டோ, ஒரு சின்ன நோட்டு. நோட்டை டைரின்னு நெனச்சு ஆசையா பிரிச்சா எல்லாமே செலவுக் கணக்கு. விசு வருஷம் மாசி மாசத்துல ஆரம்பிக்குது. உப்பு, தீப்பெட்டி, படகுக்கூலி, மறுபடி உப்பு. நடுநடுவுல மொணிவா, காலேவா, தாமுன்னு ஊர் பேரு. கூட வந்த ஒருத்தர் பேரு ஏறக்குறைய தினமும் வருது, அவருக்குக் கைமாத்து கொடுத்தது, அவருக்குக் கஞ்சி வாங்கினதுன்னு. தாமுவுக்கு அப்புறம் அந்தப் பேரு இல்ல. ஏன்னு ஒரு வரி கூட இல்ல, அடுத்த நாளும் உப்பு, தீப்பெட்டிதான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இன்னும் முடியல.

இதுல அப்பா, தாத்தா கப்பல்லதான் வந்தார்னு அடிச்சு சொல்றார், அவர்கிட்ட தாத்தாவே அப்படித்தான் சொன்னாராம். பெரிய அத்தை நடந்து வந்தார்ங்கிறாங்க.

அடுத்தது இன்னும் கஷ்டமானது. நோட்டோட கடைசிப் பக்கங்கள் பர்மாவுல இருந்தப்போ எழுதின பழைய கணக்கு. அதுல மாசாமாசம் ஒரு பர்மாக்காரப் பெண் பேருக்குப் பணம் போயிருக்கு. போட்டோவுல இருக்கிறதும் ஒரு பர்மாப் பொண்ணும் ரெண்டு வயசுப் பையனும்தான். அத்தைக்கு விஷயம் தெரியும். "அதையெல்லாம் எழுதி எங்க அம்மா மானத்தை வாங்காத தம்பி"ன்னு கண் கலங்கிட்டாங்க. அத்தை என்னை வளத்தவங்க, அவங்க மனசு நோக எதுவும் பண்ண எனக்கு விருப்பமில்ல. ஆனா இதை விட்டுட்டு எழுதினா அது பொய்யான புத்தகமாயிடும்னும் தோணுது.

தாத்தாவே "நான்"னு சொல்ற மாதிரி எழுதலாமா? குடும்பம் ஆளுக்கொரு கதை சொல்லும்போது எதை எடுக்கிறது? அந்தப் பெண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, அவங்களைக் கற்பனையா எழுத எனக்கு உரிமை இருக்கா?

பழையகாகிதம்:

முதல்ல அந்த நோட்டை ஸ்கேன் பண்ணி ரெண்டு மூணு இடத்துல பத்திரப்படுத்துங்க, அப்புறம் மத்ததெல்லாம்.

உங்க தாத்தா எந்த வழியா வந்தார்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, அந்த மூணு ஊர் பேரே போதும். விசு வருஷம் மாசின்னா 1942 பிப்ரவரி நடுவுலேர்ந்து மார்ச் நடு வரைக்கும். பிப்ரவரி 23 அன்னைக்கு சிட்டாங் ஆத்துப் பாலத்தை பிரிட்டிஷ் படையே வெடி வச்சுத் தகர்த்துட்டு பின்வாங்குது, ஆத்துக்கு மேற்கால அடுத்த பெரிய ஊரு உங்க பெகுதான். மார்ச் 8-ல ரங்கூனே விழுந்துடுது. ஆக அவர் கடைசி நேரத்துல கிளம்பின ஆளு. அந்தக் கட்டத்துல கப்பல்ங்கிறது சாதாரண மனுஷனுக்குக் கனவு, ரங்கூன்ல 1941 டிசம்பர் 23-ல முதல் குண்டு விழுந்ததுமே டிக்கெட்டுக்கு அடிதடி ஆரம்பிச்சிருச்சு.

பெகுவுலேர்ந்து வடக்கே மாண்டலே, அங்கேர்ந்து மொணிவா, அங்க சிந்துவின் ஆத்துல படகு பிடிச்சு காலேவா, அப்புறம் கபாவ் பள்ளத்தாக்கு வழியா நடந்து தாமு, அது தாண்டினா மணிப்பூர் மலை, பலேல், இம்பால், திமாப்பூர். நோட்டுல படகுக்கூலி இருக்கிறது அதனாலதான். கபாவ் பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர் போன இடம், வழியெல்லாம் காலரா வேற. தாமுவுக்கு அப்புறம் அந்தப் பேரு நின்னு போனதுக்கு நீங்க காரணம் தேடி அலைய வேண்டாம்னு நெனைக்கிறேன். அந்த வருஷம் நாலஞ்சு லட்சம் இந்தியர் தரைவழியா கிளம்பினாங்க, எத்தனை பேர் வழியிலேயே போனாங்கன்னு யாரும் ஒழுங்கா எண்ணவே இல்ல, பத்தாயிரத்துலேர்ந்து லட்சம் வரைக்கும் ஆளுக்கொரு கணக்கு.

எழுதும்போது ரெண்டு விஷயம் கவனமா இருங்க. உங்க தாத்தா நடந்தது பங்குனி வாக்குல. மழை, சேறு, அட்டைப்பூச்சின்னு படிக்கிறதெல்லாம் மே நடுவுக்கு அப்புறம் வந்தவங்க அனுபவம், அதுலயும் வட பர்மாவுல ஹுகாங் பள்ளத்தாக்கு வழியா அசாம்ல இருக்கிற லீடோவுக்குப் போனவங்க பட்டது. இவருக்குத் தண்ணி கிடைக்காததும் புழுதியும்தான் எமன். அதே மாதிரி திமாப்பூர்ல ரயில் ஏறி நேரா கல்கத்தாவுல இறங்கினார்னு எழுதிடாதீங்க, அப்போ அந்த ஸ்டேஷன் பேரே மணிப்பூர் ரோடு, பாண்டுவுல எறங்கி பிரம்மபுத்திராவை ஃபெர்ரியில தாண்டி அமீன்காவுல மறுபடி ரயில் ஏறணும், பாலம் வந்தது 1962-லதான்.

வெ. சாமிநாத சர்மா ரங்கூன்ல ஜோதி பத்திரிகை நடத்தினவர், அதே 1942-ல நடந்து வந்தவர், எனது பர்மா வழி நடைப்பயணம்னு எழுதி வச்சிருக்கார். அவசியம் படிங்க. அப்புறம் தேசிய ஆவணக்காப்பகத்தோட அபிலேக் படல் தளத்துல பர்மா, இவாக்குவீஸ் (வெளியேறி வந்தவங்க), 1942-னு ஆங்கிலத்துல போட்டுத் தேடுங்க, அரசாங்க ஃபைல்கள் நிறைய வரும். தரமணியில ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க, செட்டிநாட்டுப் பக்கத்துப் பத்திரிகைகள், அழைப்பிதழ், விளம்பரம் எல்லாம் பாத்தாதான் அந்தக் காலத்துத் தமிழ் காதுல விழும்.

தாழம்பூ:

எழுத்து நடை பத்தி மட்டும் சொல்றேன்.

அப்பா சொல்ற கப்பல் கதையைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் உங்க நாவலோட உயிர்னு எனக்குத் தோணுது. நடந்து வந்த ஒரு மனுஷன் பெத்த பையன்கிட்ட கப்பல்ல வந்தேன்னு ஏன் சொன்னார்? பொண்ணுகிட்ட மட்டும் ஏன் நிஜத்தைச் சொன்னார்? இதை எந்த ஆவணக்காப்பகமும் சொல்லாது, நாவல் மட்டும்தான் உள்ள போய்ப் பாக்க முடியும். ரெண்டு பேர் சொல்றதையும் அவங்கவங்க வாயாலேயே வர விடுங்க, எது நிஜம்னு நீங்க தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீங்க, நோட்டை மட்டும் நடுவுல வைங்க.

"நான்"னு எழுதலாமான்னு கேட்டீங்க. அமெரிக்க எழுத்தாளர் ஜென்னட் வால்ஸ் தன்னோட பாட்டி வாழ்க்கையை 2009-ல பாட்டியே சொல்ற மாதிரி எழுதி அதுக்கு நிஜ வாழ்க்கை நாவல்னு பேரு வச்சாங்க, இட்டு நிரப்பின இடங்கள் இருக்கிறதால நாவல்னு சொல்றதுதான் நேர்மைன்னு அவங்களே விளக்கம் கொடுத்தாங்க. ஆனா அந்தப் பாட்டியோட கதைகள் அவங்க வீட்டுல வாயாற சொல்லிச் சொல்லி வந்தது. உங்க தாத்தா பேசாத மனுஷன். பேசாதவருக்கு முன்னூறு பக்கம் குரல் கொடுத்தா அது அவரா இருக்காது, நீங்கதான் இருப்பீங்க. பேரன் தேடுறான், தேடுறது தெரியுது, கிடைக்காதது கிடைக்கலன்னு தெரியுது, அந்த வடிவம்தான் இதுக்குப் பொருந்தும்.

அந்தக் கூட வந்தவர் காணாம போற இடத்துல தயவுசெஞ்சு மரணக் காட்சி எழுதாதீங்க. தாத்தா எழுதல. அந்தக் கணக்கை அப்படியே அச்சுல போடுங்க, உப்பு, தீப்பெட்டி, படகு, பேரு, பேரு, பேரு, அப்புறம் பேரு இல்லாத நாளு. படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பிப் பின்னால போய்த் தேடுவான், நீங்க தேடின மாதிரியே.

கோர்ட்வாசல்:

சட்டம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இறந்தவங்களைப் பத்தி எழுதினா அவதூறே ஆகாதுன்னு பலபேர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. முன்ன இந்திய தண்டனைச் சட்டம் 499, இப்போ 2024 ஜூலைலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா 356, உயிரோட இருந்திருந்தா பேரு கெடும்ங்கிற மாதிரியான விஷயத்தைக் குடும்பத்தார் மனசு நோகணும்னே எழுதினா அவதூறுதான். உங்க நோக்கம் அது இல்ல, ஆனாலும் பேரு, ஊரு, கடையோட மார்க்கா எல்லாத்தையும் மாத்திடுங்க, முக்கியமா வேற குடும்பத்து ஆளுங்க பேரை. அந்த முதலாளியோட வாரிசுகளும் எங்கயாவது இருப்பாங்க.

நோட்டை அப்படியே அச்சடிக்கப் போறீங்கன்னா ஒண்ணு கவனிக்கணும். அதுல காப்புரிமைன்னு ஏதும் இருந்தா அது தாத்தாவோட வாரிசுகள் எல்லாருக்கும் சேர்ந்தது, உங்க அப்பாவுக்கு மட்டும் இல்ல, அத்தைகளுக்கும் உண்டு. எழுதினவர் உயிரோட இருந்தப்போ அச்சாகாத எழுத்துன்னா, அது முதல்ல அச்சான வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைக்கும் அந்த உரிமை ஓடும். ஒரு சம்மதக் கடிதம் எல்லார்கிட்டயும் வாங்கி வச்சுக்கிட்டா பதிப்பாளரும் நிம்மதியா இருப்பார்.

பெகுபேத்தி:

உங்க கேள்வியைப் படிச்சதுலேர்ந்து ஒரே யோசனையா இருக்கு அண்ணா, அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

எங்க குடும்பம் அங்கயே தங்கிட்ட பக்கம். என் கொள்ளுப்பாட்டி பர்மாக்காரங்க, கொள்ளுத்தாத்தா ராமநாதபுரத்துக்காரர். 1962-ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்து கடைகளையெல்லாம் எடுத்துக்கிட்டு, 1964-ல 50 கியாத் 100 கியாத் நோட்டு செல்லாதுன்னும் சொன்னப்புறம்தான் எங்க ஆளுங்க கிளம்பி வந்தாங்க. உங்க தாத்தா மாதிரி 1942-ல போனவங்க திரும்பி வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்த பெண்களைப் பத்தி எங்க பாட்டி நிறைய சொல்லுவாங்க. அதனால நீங்க கேட்ட மூணாவது கேள்விக்கு எனக்குப் பதில் இருக்கு. உங்களுக்கு எழுத உரிமை இருக்கு, எழுதாம விடத்தான் உரிமை இல்ல. அவங்களை விட்டுட்டா அவங்க ரெண்டாவது தடவையும் கைவிடப்பட்ட மாதிரி ஆயிடும்.

ஆனா எப்படி எழுதறீங்கங்கிறது முக்கியம். தலையில பூ வச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே சுருட்டு குடிக்கிற அழகியா, தமிழ் ஆம்பளையைப் பாத்ததும் மயங்கினவளா எழுதற பழக்கம் நம்ம கதைகள்ல ரொம்ப நாளா இருக்கு. பர்மாவுல சந்தையைக் கையில வச்சிருந்தது பெண்கள்தான். எங்க கொள்ளுப்பாட்டி கருவாடும் புடவைத்துணியும் வித்து வீட்டை நடத்தினவங்க, கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்க பேரு அவங்க பேருதான், புருஷன் பேரு ஒட்டாது. நீங்க அந்த மாசாமாசம் போன பணத்தை குடும்பச் செலவுக்குக் கொடுத்ததுன்னு எடுத்துக்கிட்டீங்க. அது கடனுக்கு வட்டியா இருந்திருக்கலாம், சாமான் வாங்கின பாக்கியா இருந்திருக்கலாம், அவங்களோட ஒரு சின்ன வியாபாரத்துல தாத்தா போட்ட பங்கா இருந்திருக்கலாம். போட்டோ இருக்கிறதால நீங்க நெனைக்கிறது சரியாவே இருக்கலாம், ஆனாலும் இந்த மத்த வழிகளையும் நாவல்ல யோசிச்சுப் பாருங்க, அவங்க ஒரு முழு ஆளா வருவாங்க.

அப்புறம் அந்தக் காலத்துல இப்படிப்பட்ட உறவு ரெண்டு பேர் சமாச்சாரமா மட்டும் இல்ல. 1931 கணக்குப்படி பர்மாவுல பத்து லட்சம் இந்தியர், ரங்கூன்ல பாதிக்கு மேல நம்ம ஆளுங்க. 1930-லயும் 1938-லயும் கலவரம். வெளிநாட்டு ஆம்பளைங்க பௌத்தப் பெண்களைக் கட்டிக்கிட்டு விட்டுட்டுப் போறதைப் பத்தி அவ்ளோ கோபம் இருந்துச்சு, 1939-ல அதுக்குன்னே பௌத்தப் பெண்கள் திருமணம், வாரிசுரிமைன்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. உங்க கதை நடக்கிறது சரியா அந்த வருஷங்கள்ல. அந்தப் பொண்ணோட அம்மாவும் அண்ணன் தம்பியும் என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிங்க.

இன்னொண்ணு, இது சொல்றதுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். தாத்தா பட்ட பாடு நிஜம். ஆனா அவர் வேலை பார்த்தது வட்டிக்கடையில. 1930-ல கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் நூத்துக்கு ஆறு பங்கு, நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாம போனதுல 1938-க்குள்ள அது நூத்துக்கு 25 பங்கு ஆயிருச்சு. முதலாளிங்களுக்கும் நிலம் வேண்டாம், பணம்தான் வேணும், அதுவும் உண்மைதான். ஆனா நிலத்தை எழுதிக் கொடுத்துட்டு அதே நிலத்துல குத்தகைக்கு நின்ன பர்மாக் குடியானவனுக்கு எதிர்ல பேரேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது உங்க தாத்தா மாதிரி பதினெட்டு வயசு தமிழ்ப் பையன்தான். அவன் கெட்டவன் இல்ல, ஊர்ல கஞ்சிக்கு இல்லாம கப்பல் ஏறினவன். அந்தக் காட்சி உங்க நாவல்ல இல்லன்னா, 1942-ல வழியில கிராமத்துக்காரங்க ஏன் சில இடத்துல தண்ணி கொடுக்கல, ஏன் அடிச்சுப் பறிச்சாங்கன்னு படிக்கிறவங்களுக்குப் புரியாது. தண்ணி கொடுத்தவங்களும் நெறைய பேர் இருந்தாங்க, அதையும் எழுதுங்க.

அத்தை விஷயத்துல என் யோசனை. அவங்க பயப்படறது அந்தப் பொண்ணைப் பத்தி இல்ல, அப்பத்தா ஏமாளியா தெரிஞ்சிடக் கூடாதேன்னு. அப்பத்தாவுக்கும் சமமா பக்கங்கள் கொடுங்க. புருஷன்கிட்டேர்ந்து கடுதாசி நின்னு போன அந்த மாசங்கள்ல அவங்க என்ன பண்ணாங்க, யார் வீட்டுல இருந்தாங்க, எப்படி சாப்பிட்டாங்க, இதை அத்தைகிட்டயே கேளுங்க. அவங்க அம்மா கதையை அவங்க சொல்ல, நீங்க எழுதினா அவங்களும் இந்தப் புத்தகத்துல ஒரு ஆளு ஆயிடுவாங்க.

வைகைக்கரை:

எல்லாருக்கும் மனசார நன்றி. பெகுபேத்தி தங்கச்சி, நீங்க எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் போட்டோவை எடுத்துட்டு வரச் சொன்னார். அவர் அதைப் பாக்கிறது இதுதான் முதல் தடவை. அந்தப் பையன் இருந்தா இப்போ எண்பது தாண்டியிருக்கும்னு மட்டும் சொன்னார்.

தாத்தாவை "நான்"னு எழுதறதை விட்டுடறேன், தாழம்பூ சொன்னது சரிதான். நோட்டுல இருக்கிறதை அப்படியே வைக்கப் போறேன். பேரெல்லாம் மாத்திடுவேன். நோட்டுல எங்கெங்க இல்லாததை நான் சேர்க்கிறேனோ அது பேரனோட கற்பனைன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியற மாதிரி எழுதணும், அதுக்கு இன்னும் வழி பிடிபடல.

பழையகாகிதம் சார், ஒரு சந்தேகம். அப்பத்தா பக்கம் எழுதணும்னா 1942 பங்குனி, சித்திரையில இங்க நம்ம பக்கம் என்ன நிலவரம்? பர்மாவுல நடக்கிறது கிராமத்துல இருந்த பெண்களுக்கு எந்த அளவு தெரிஞ்சிருக்கும்?

தாழம்பூ:

வழி பிடிபடலன்னு சொன்னதுக்கு ஒரு சின்ன யோசனை: காலத்தை மாத்திப் பாருங்க. நோட்டுலயும் சீட்டுலயும் இருக்கிறது, அத்தை சொன்னது, இதெல்லாம் "வந்தார், கொடுத்தார்"னு போகட்டும். நீங்க கற்பனை பண்றதை "வந்திருப்பார், கொடுத்திருப்பார்"னு ஆரம்பிங்க. நாலு பக்கத்துல படிக்கிறவங்களுக்கு அந்த வித்தியாசம் பழகிடும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் விளக்கம் தேவையில்ல. முக்கியமான ஒரு இடத்துல மட்டும், அந்தப் பெண்ணோட வீட்டுக்குள்ள போறப்போ, "இருப்பார்"லேர்ந்து சொல்லாம கொள்ளாம "வந்தார்"னு மாறிப் பாருங்க.

பழையகாகிதம்:

நல்ல கேள்வி. அந்த மாசங்கள்ல இங்கயும் ஜனங்க கலங்கித்தான் கிடந்தாங்க. ஏப்ரல் 6 அன்னைக்கு விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் ஜப்பான் விமானம் குண்டு போட்டுச்சு. அடுத்த வாரமே மெட்ராஸுக்கும் வருதுன்னு பேச்சு கிளம்பி, அரசாங்கம் ஆபீஸ்களை வெளியூர்களுக்கு மாத்தி, பட்டணத்து ஜனம் ரயில்லயும் மாட்டுவண்டியிலயும் ஊர் ஊரா இறங்கினாங்க, ஜூவுல இருந்த சிங்கம் புலியைச் சுட்டே கொன்னுட்டாங்க. அதனால உங்க அப்பத்தா ஊருக்கும் மெட்ராஸ்லேர்ந்து ஓடி வந்த சொந்தக்காரங்க யாராவது கட்டாயம் வந்திருப்பாங்க, சேதி அவங்க வாய் வழியாத்தான் வந்திருக்கும். ரங்கூன் விழுந்துடுச்சுன்னு தெரியும், புருஷன் எங்க இருக்கார்னு தெரியாது.

அத்தைகிட்ட கேக்கும்போது "அந்த வருஷம் நம்ம வீட்டுக்கு யாரு வந்து தங்கினாங்க"ன்னு ஆரம்பிங்க. தேதி கேட்டா யாருக்கும் நெனவிருக்காது. யாரு வந்தா, எங்க படுத்தாங்க, எத்தனை பேருக்கு உலை வச்சோம்னு அவங்க அம்மா சொல்லியிருந்தா அது மறக்காது. பதில் வந்ததும் இங்க போடுங்க, மாசம் பொருந்துதான்னு நான் பாத்து சொல்றேன்.